நகரும் கரையில் கூடாரம்

மே மாதக் கடைசி வாரம். மெமோரியல் டே விடுமுறையோடு அமெரிக்காவில் கோடை பிறந்துவிட்டதாகக் கணக்கு. ஃபீனிக்ஸிலிருந்தோ லாஸ் வேகஸிலிருந்தோ நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் லேக் பவல். யூட்டாவும் அரிசோனாவும் சந்திக்கும் இடத்தில், செம்பாறைகளுக்கு நடுவே கிடக்கும் அந்த நீர்த்தேக்கத்தின் மணலில் இரண்டு இரவு தங்கிவர எத்தனையோ குடும்பங்கள் கூலரில் ஐஸ் அடுக்கிக்கொண்டிருக்கும் நேரம் இது. அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

கிளம்புமுன் ஒன்றை மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஏரி இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது.

ராக்கி மலைகளில் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த பனி, கொலராடோ, கிரீன், சான் வான் ஆறுகள் வழியே உருகி வந்து சேரும் மாதங்கள் மேயும் ஜூனும். ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ மட்டம் உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு மெல்ல இறங்கும். 2023 ஏப்ரலில் ஏரியின் மட்டம் கடலிலிருந்து 3,519 அடி. 1960களில் நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு அதுவரை அவ்வளவு கீழே அது போனதில்லை. அந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்திருந்ததால் ஜூலைத் தொடக்கத்துக்குள் 3,584 அடிக்கு ஏறிவிட்டது. மூன்று மாதத்துக்குள் 65 அடி! நடுவில் சில வாரங்கள் நாளொன்றுக்கு ஓர் அடிக்கு மேலேயே ஏறியது. எல்லா ஆண்டும் இப்படி இருக்காது. பனி பொய்த்த ஆண்டில் ஏற்றம் சில அடிகளோடு நின்றுவிடும். ஆனாலும் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. முகாம் போடுகிறவர்களுக்கு இங்கே சொல்லப்படும் விதிகளில் பாதிக்குக் காரணம் இதுதான்.

கிளென் கேன்யன் அணையின் மதகுகள் 1963இல் மூடப்பட்டன. ஏரி முதன்முறையாக நிரம்பி 3,700 அடியைத் தொட 1980 வரை பதினேழு ஆண்டுகள் பிடித்தன. கரைப் பாறைகளில் இன்று தெரியும் வெள்ளைப் பட்டை அந்தப் பழைய மட்டத்தின் அடையாளம்: தண்ணீரிலிருந்த சுண்ணாம்புச் சத்து சிவந்த பாறையில் படிந்து விட்டுப்போன கறை. அந்தப் பட்டைக்குக் கீழே கூடாரம் போடுகிறவர் ஒருவகையில் ஏரியின் அடித்தரையில் படுக்கிறார். மரம் ஏன் இல்லை, நிழல் ஏன் இல்லை, மணல் ஏன் இவ்வளவு இளகி இருக்கிறது என்பதற்கெல்லாம் பதில் அதில் இருக்கிறது.

காரிலேயே போய்த் தங்கக்கூடிய இடங்களில் பெயர்பெற்றது லோன் ராக் கடற்கரை. கடல் எங்கே என்று கேட்கக் கூடாது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஏரி மணலும் ‘பீச்’தான். அரிசோனா பக்கத்துப் பேஜ் நகரிலிருந்து 89ஆம் நெடுஞ்சாலையில் யூட்டா எல்லையைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே விரிகுடாவின் நடுவில் ஒற்றைப் பாறை செங்குத்தாக நிற்கும். தண்ணீர் மிகவும் இறங்கிய ஆண்டுகளில் அதன் அடிவரை நடந்தே போய்வந்தார்கள். எண் போட்ட இடம், மேசை, மின் இணைப்பு எதுவும் இங்கே கிடையாது. கழிப்பறைகள் உண்டு. மணலில் எங்கே பிடிக்கிறதோ அங்கே வண்டியை நிறுத்திக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். மின்சாரமும் சுடுதண்ணீரும் வேண்டுமென்றால் சில மைல் தள்ளி வாவீப் முகாம் இருக்கிறது. கைக்குழந்தையோடு முதன்முறை வருகிறவர்கள் அங்கே தங்கிக்கொண்டு, பகலில் மட்டும் லோன் ராக்குக்கு வந்துபோவது புத்திசாலித்தனம். நுழைவுக் கட்டணம் தனி, இரவுக் கட்டணம் தனி. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு முதலாவதற்குத்தான் செல்லும்.

இடம் பார்ப்பதில் அவசரம் வேண்டாம். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோருக்கும் தண்ணீர் ஓரமாகவே கூடாரம் போட ஆசை வரும். லோன் ராக்கின் சரிவோ மிகவும் மென்மையானது. 20 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில், மட்டம் ஓர் அடி ஏறினால் தண்ணீர் 20 அடி உள்ளே வந்துவிடும். இரண்டு இரவு தங்குகிறவருக்கு, வேகமாக ஏறும் ஆண்டில் அது 40, 50 அடி. கணக்குப் போடச் சிரமமில்லை. அமெரிக்கப் பாசனத் துறையான பியூரோ ஆஃப் ரிக்ளமேஷன் தினமும் மட்டத்தை வெளியிடுகிறது. கிளம்புமுன் கடைசி ஏழு நாள் எண்களைப் பார்த்தால் நாளுக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். அதை வைத்து, தங்கும் நாட்களுக்கு இரட்டிப்பாக இடம் விட்டுக் கூடாரம் போடலாம். வந்து சேர்ந்ததும் தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பது அங்கே வழக்கமாக வருகிறவர்களின் பழக்கம். சாயங்காலம் நட்ட குச்சி காலையில் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று பார்த்தால் தெரிவதை எந்த இணையதளமும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. குழந்தைகளுக்கும் ஒரு வேலை கிடைத்தது போலாகும்.

படகில் போய் ஒதுக்குப்புறமான கரையில் தங்குகிறவர்களும் கயிற்றை இதே கணக்கோடு கட்ட வேண்டும். ஏறுகிற மாதத்தில், மாலையில் மணலில் புதைத்த நங்கூரம் காலையில் தண்ணீருக்குள் இருக்கும். இறங்குகிற மாதத்தில் படகே தரைதட்டி நிற்கும். வாவீப்பிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்குப் பல மைல்களை மிச்சப்படுத்தும் காஸில் ராக் கட் என்ற சுருக்கு வழிகூட மட்டம் போதுமான அளவு இருந்தால்தான் திறந்திருக்கும். எந்த இறங்குதளத்தில் படகு இறக்கலாம் என்பதும் அப்படித்தான். போன வருஷம் இறக்கிய இடத்திலேயே இந்த வருஷமும் இறக்கலாம் என்று நம்பிப் போகக் கூடாது.

இனி மணல். ஊருக்குத் திரும்பியதும் லோன் ராக் போனவர்கள் சொல்லும் கதைகளில் பாதி, வண்டி சிக்கிக்கொண்ட கதையாகத்தான் இருக்கும். ‘ஆல் வீல் டிரைவ்’ என்று பின்கதவில் எழுதியிருக்கும் குடும்ப எஸ்யூவி, பனியில் ஓடும். இந்த மணலில் அச்சு வரை இறங்கி உட்கார்ந்துவிடும். காற்றும் அலையும் கொண்டுவந்து குவித்த பொடிமணல் அது, இறுகவே இறுகாது. இறங்குமுன் ஒருவர் காலால் நடந்து பார்க்க வேண்டும். செருப்பு கணுக்கால் வரை புதைந்தால் அங்கே சக்கரமும் புதையும். தார்ச்சாலையை விட்டு இறங்குகிற இடத்திலேயே டயர் காற்றை 35லிருந்து 18, 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டால் டயர் பரந்து மணல்மேல் நிற்கும். திரும்பும்போது ஏற்றிக்கொள்ளச் சிகரெட் லைட்டரில் சொருகும் சிறிய பம்ப் போதும். சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இன்னும் மிதித்தால் வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். ஒரு மண்வாரியும் சக்கரத்துக்கு அடியில் செருகும் பலகைகள் இரண்டும் டிக்கியில் இருந்தால், அரை மணி நேர வியர்வையோடு காரியம் முடியும். இல்லையென்றால் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும், பில் நூற்றுக்கணக்கான டாலரில் வரும். வாடகைக் காரென்றால் தார்ச்சாலையை விட்டு இறக்கவே கூடாது என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போடும்போது யாரும் அதைப் படிப்பதில்லை.

தண்ணீருக்குப் பக்கத்தில் ஈரமாக, கெட்டியாகத் தெரியும் தரையையும் நம்ப வேண்டாம். ஏரி இறங்கிய இடங்களில், குறிப்பாக ஓடைகள் வந்து சேரும் வாயில், ஆறு கொண்டுவந்த வண்டல் ஆழமாகப் படிந்து கிடக்கும். மேலே வெயிலில் வெடித்த ஓடு, கீழே களி. ஆள் இறங்கினாலே முழங்காலுக்கு மேல் போகும். குழந்தைகள் ஓடுமுன் பெரியவர் ஒருவர் கோலால் குத்திப் பார்த்துவிட வேண்டும்.

மே மாதத்தின் இன்னொரு தொல்லை காற்று. காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும் ஏரி, பிற்பகலில் நுரை தள்ளும். குளிர்காற்றின் முகப்பு ஒன்று கடந்துபோகும் நாளில் மணிக்கு 40 மைல் வீச்செல்லாம் சாதாரணம். கூடாரத்தோடு கடையில் தரும் மெல்லிய முளைகள் இந்த மணலில் ஒரு நிமிஷம் நிற்காது. துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மேலே மிதித்துவிட்டால் நிற்கும். நாலு கால் நிழற்பந்தலைப் படுக்கப் போகுமுன், சுற்றிப் பார்க்கக் கிளம்புமுன் மடக்கிவிடுவது கட்டாயம். பறந்துபோகும் பந்தலின் கால் அடுத்த முகாமில் யார் தலைமேல் விழும் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டில் மணல் விழுவதைத் தடுக்க வழியில்லை. மூடிபோட்ட டப்பாவில் போட்டு, டப்பாவிலிருந்தே சாப்பிட்டால் பல்லில் குறைவாக நறநறக்கும்.

பேஜ் நகரம் 4,300 அடி உயரத்தில் இருப்பதால் லாஸ் வேகஸ் அளவுக்குச் சூடு இருக்காது. ஜூலையில்கூடச் சராசரி உச்சம் 36 டிகிரி செல்சியஸ் பக்கம்தான். இந்த எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. நிழலில்லாத மணல், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில், ஈரப்பதமே இல்லாத காற்று எல்லாம் சேர்ந்தால் வியர்ப்பதே தெரியாமல் உடம்பு வற்றும். சென்னையில் சட்டை நனைந்து எச்சரிக்கும். இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய நாலு லிட்டர் குடிநீர் வீட்டிலிருந்தே வர வேண்டும். சமைக்க, கைகழுவ அதற்கு மேல். பகல் 11 முதல் 4 வரை கூடாரத்துக்குள் படுப்பது அடுப்புக்குள் படுப்பதுதான். வெளியே நான்கு பக்கமும் திறந்த பந்தல் நிழலே கதி.

சமையல் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் பயணத்துக்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு. தேங்காய்ச் சட்னியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். தயிர்ச்சாதம் கூலரின் அடியில், ஐஸோடு ஒட்டி இருக்கும்வரை சரி. கூலரை ஆட்கள் பக்கத்தில் இல்லாதபோது பூட்டி வைக்க வேண்டும். இங்குள்ள அண்டங்காக்கைகள் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை.

கழிப்பறை பற்றிப் பேசத் தயங்கி எழுதாமல் விட்டுவிடும் பயணக் கட்டுரைகள் நிறைய. இங்கே அதுதான் முதல் விதி. ஏரியிலிருந்து கால் மைலுக்குள் தங்குகிற எவரும், கரையிலோ வண்டியிலோ படகிலோ கழிப்பறை இல்லையென்றால், கையோடு எடுத்துச்செல்லும் கழிகலம் வைத்திருந்து அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். காட்டில் செய்வதுபோல் ஆறங்குலக் குழி தோண்டி மூடிவிட்டுப் போக அனுமதியில்லை. இன்று குழி தோண்டும் மணல் அடுத்த மாதம் ஏரித்தரை; அதன்மேல் வேறொரு குடும்பத்தின் பிள்ளைகள் நீந்துவார்கள். 1990களில் தண்ணீரில் கிருமி அளவு கூடி இந்த ஏரியில் சில கரைகளை மூடவேண்டி வந்ததன் பின்னணியில்தான் இந்த விதி இறுகியது. பாலைவன மணலில் மழையும் மக்கவைக்கும் உயிர்களும் குறைவு என்பதால், புதைத்தது நெடுநாள் அப்படியே கிடக்கும். லோன் ராக்கில் கட்டடக் கழிப்பறை இருப்பதால் கலம் தேவையில்லை என்று நினைக்கலாம். நள்ளிரவில், காற்றில், ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணலில் கால் மைல் நடந்து பார்த்தவர்கள் அடுத்த முறை கலத்தோடு வருவார்கள். உறைய வைக்கும் பொடி போட்ட பைகளும் மூடி இறுகும் வாளியும் கேம்பிங் கடைகளில் கிடைக்கும்.

நெருப்புக்கும் அதே தர்க்கம். உயர்நீர் மட்டத்துக்குக் கீழே, செடிகொடி இல்லாத வெறும் மணலில்தான் விறகு எரிக்கலாம். ஜூனில் காடு காய்ந்ததும் தடை வந்துவிடலாம் என்பதால், அறிவிப்பைக் கிளம்பும் அன்றே பார்க்க வேண்டும். பழைய சரக்குப் பலகைகளை உடைத்து எரிக்கவே கூடாது. பலகை சாம்பலாகிவிடும், ஆணி மணலில் தங்கிவிடும். அடுத்து வருகிறவரின் டயரிலோ பாதத்திலோதான் அது வெளியே வரும். அணைக்கும்போது மணலைத் தள்ளி மூடுவது எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். மணலுக்கடியில் தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில்தான் மிதிக்கும். பக்கத்தில் ஏரி முழுக்கத் தண்ணீர் இருக்கிறது. வாளி வாளியாக ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே வைத்துப் பார்த்துவிட்டுப் படுக்கலாம். இரவில் கழற்றிய காலணியைக் காலையில் உதறிவிட்டுப் போட வேண்டும், தேள் உண்டு.

வெயில் சுடுகிறதே என்று தண்ணீரில் குதிப்பவர்கள் ஒரு கணம் நிற்கலாம். மே கடைசியில் ஏரி நீர் 16 முதல் 18 டிகிரி. வந்து சேர்வதெல்லாம் பனியின் உருகல். திடீரென்று விழும் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், அந்த ஒரு மூச்சில் தண்ணீர் உள்ளே போனால் நன்றாக நீந்துகிறவரும் தடுமாறுவார். காற்று நாளில் ஊதிய மெத்தைகளும் வாத்துப் பொம்மைகளும் கரையை விட்டு நழுவும். அதைப் பிடிக்க நீந்திப் போகக் கூடாது, போனது போகட்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஓடும் படகில் உயிர்காப்பு உடை போட்டிருப்பது சட்டம். துடுப்புப் பலகையில் போகும் பெரியவரும் ஓர் உடையை வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பதைவிடப் போட்டுக்கொள்வது மேல். 15 அடிக்கு மேலான பாறையிலிருந்து குதிப்பது குற்றம்.

ஹவுஸ்போட் எடுக்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2000 ஆகஸ்டில் இதே ஏரியில், ஹவுஸ்போட்டின் பின்தளத்துக்கு அடியில் நீந்திக்கொண்டிருந்த சகோதரச் சிறுவர்கள் இருவர் ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடால் இறந்தார்கள். மணமில்லாத அந்த வாயு திறந்தவெளியிலும் கொல்லும் என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. அமெரிக்கத் தொழில்சுகாதார ஆய்வாளர்கள் அளந்து பார்த்த பின்பே படகுகளின் புகைப்போக்கி வடிவம் விவாதத்துக்கு வந்தது. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது படகின் பின்பக்கம் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. குளிருகிறது என்று கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதும் இதே ஆபத்து.

பாறைச் சுவரின் நிழல் எவ்வளவு கூப்பிட்டாலும் அதன் அடியில் கூடாரம் வேண்டாம். 2022 மே 30, மெமோரியல் டே அன்று, ஏரியோரச் செங்குத்துப் பாறை ஒன்றின் முகம் அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்ததைப் படகில் இருந்தவர்கள் படம்பிடித்தார்கள். கிளைப் பள்ளத்தாக்குகளின் ஓடைவாயிலும் கூடாரம் வேண்டாம், அங்கே ஆபத்து திடீர் வெள்ளம். ஜூனில் வானம் வெறுமையாக இருக்கும். தென்மேற்கு அமெரிக்காவின் மழைக்காலக் கணக்கு ஜூன் 15இல் தொடங்கி செப்டம்பர் 30 வரை; இடி மின்னலோடு நிஜ மழை ஜூலையில்தான் வலுக்கும். அந்த மழை எங்கே பெய்கிறது என்பது தலைக்குமேல் உள்ள வானத்தில் தெரியாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று ஏரிக்கு அருகே ஆன்டெலோப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. ஜூலைக்குத் தள்ளிப்போடலாமா என்று யோசிப்பவர்கள் அமெரிக்க வானிலைத் துறையின் முன்னறிவிப்பை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்: பேஜ் பக்கத்துக்கு ஃபிளாக்ஸ்டாஃப் அலுவலகம், யூட்டா பக்கத்துக்குச் சால்ட் லேக் சிட்டி அலுவலகம்.

கடிகாரமும் இரண்டு. கோடையில் அரிசோனா தன் கடிகாரத்தை நகர்த்துவதில்லை, யூட்டா நகர்த்தும். லோன் ராக்கில் பத்து மணி என்றால் பேஜில் ஒன்பது. எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அதற்கேற்ப ஃபோன் மாறி மாறிக் காட்டும். ஆன்டெலோப் பள்ளத்தாக்குச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்திருப்பவர்கள் சீட்டில் இருப்பது பேஜ் நேரம் என்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. படகில் போய் ஏரியின் தெற்குக் கரையில் தங்குகிறவர்கள் இன்னோர் எல்லையையும் கவனிக்க வேண்டும். 3,720 அடி உயரக் கோட்டுக்கு மேலே நவாஹோ மக்களின் நிலம். அங்கே நடக்கவோ தங்கவோ அவர்களுடைய அனுமதிச் சீட்டு வேண்டும். ஃபோன் எடுக்காத இடங்களே அதிகம் என்பதால் படகில் மரைன் ரேடியோ இருப்பது அவசியம், ஆபத்துக்கு 16ஆம் அலைவரிசை.

கிளம்பும் நாளில் குப்பையைக் கட்டியதும் வேலை முடிந்துவிடாது. குவாகா சிப்பி என்ற நகக்கண் அளவு சிப்பி 2013 முதல் இந்த ஏரியில் பெருகிவிட்டது. குழாயை அடைக்கும், எஞ்சினுக்குள் ஒட்டும், மற்ற ஏரிகளுக்குப் படகோடு பயணம் போகும். படகோ கயாக்கோ எதுவானாலும், கரையேறியதும் சேற்றையும் பாசியையும் துடைத்து, எல்லா அடைப்பானையும் கழற்றி, தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். அடைப்பான் மாட்டிய படகை யூட்டா சாலையில் இழுத்துப் போனால் அபராதம். வேறொரு நீர்நிலையில் இறக்குமுன் காயவைக்க யூட்டா விதித்திருக்கும் காலம், எடைக்காக நீர் நிரப்பும் பாலாஸ்ட் தொட்டி இல்லாத சாதாரணப் படகுக்கு, மே மாதத்தில் 18 நாள், ஜூன் பிறந்துவிட்டால் 7 நாள்.